கழுதையின் கழுத்தில் ஒரு முகம்

பஸ் சிக்னலில் நின்றது. உட்கார இடம் கிடைக்காத பிடியக்கா ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் சாப்பாட்டுப் பையையும் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்சந்தியில் துணிக்கடை மாடியின் மேல் பெரிய திரை ஒன்று உண்டு. அதில் ஒரு பெண் வருஷம் முழுக்கச் சலிக்காமல் பல் தேய்த்துக்கொண்டிருப்பாள். அன்று அவளைக் காணோம். அவள் இடத்தில் ஒரு கழுதை நின்றது.

மூன்று மாடி உயரக் கழுதை. பிடியக்கா எந்த மிருகத்தைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பாள், அது தொழில் புத்தி. குளம்பு வளர்ந்திருக்கிறது, சீவியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். முழங்காலில் பழைய காய்ப்பு, சுமை தூக்கிய கழுதை. அப்படியே மேலே ஏறிய கண் கழுத்தில் வந்து நின்றுவிட்டது. அங்கே சாம்பல் நிற மயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து தோலாகி, தோல் கன்னமாகி, ஒரு மனுஷி முகம் முளைத்திருந்தது. கண் மூடியிருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. இடது புருவத்தின் மேல் கோணலாக ஒரு தழும்பு.

அந்தத் தழும்பைப் போட்டது ஒரு வெள்ளைப் பூனை. இருபத்தொரு வருஷமாகப் பிடியக்கா தினமும் காலையில் கண்ணாடியில் அதைப் பார்க்கிறாள்.

கை தானாகப் போய்ப் புருவத்தை மூடிக்கொண்டது, கம்பியை விட்ட கை அது, அதனால் பஸ் கிளம்பியபோது முன்னால் நின்ற ஆளின் முதுகில் போய் மோதினாள். பின் சீட்டில் யாரோ, "என்னப்பா அது, வாயைத் திறந்து கத்துது?" என்றார்கள். "வலிக்குது போல, பாவம்" என்று இன்னொரு குரல். பிடியக்கா அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மூன்று நிறுத்தத் தூரத்தைத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். ஐம்பத்துநாலு வயதில் அவள் தெருவில் முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தது அதுதான் முதல் தடவை.

பிடியக்கா என்பது அவள் பெயர் இல்லை, அவள் வேலை. கால்நடை மருத்துவமனையில் ஊசி போடுவது டாக்டர், மருந்து எழுதுவது டாக்டர், மிருகம் பிழைத்துவிட்டால் கும்பிடு வாங்குவதும் டாக்டர். அதுவரை அந்த மிருகம் டாக்டரின் விரலைக் கடித்துத் துப்பிவிடாமல் பார்த்துக்கொள்வது பிடியக்கா. முப்பது வருஷத்தில் ஏழு டாக்டர்கள் வந்து போனார்கள். எழுபது விரலும் பத்திரமாகத்தான் போயின. புதிதாக வரும் டாக்டர் முதல் வாரம் அவளை "ஏம்மா" என்பார். முரட்டு நாய் ஒன்று வந்து போன பிறகு "அக்கா" என்பார்.

பிடிப்பது என்றால் அமுக்குவது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அமுக்கினால் முயல்கூடக் கடிக்கும். ஒவ்வொரு மிருகத்துக்கும் பயம் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் என்பது பிடியக்காவின் கணக்கு. பசுவுக்குக் காதின் அடியில், நாய்க்குத் தாடைக்குக் கீழே, பூனைக்கு எங்கே என்று பூனைக்கே தெரியாது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து உள்ளங்கையை வைத்து, காதருகே வாயைக் கொண்டுபோய்ச் சொல்வாள்: "இருக்கேன்... இங்கதான் இருக்கேன்." யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் தானாக வாயில் வந்தது, அப்படியே நின்றுவிட்டது. பிழைக்கப்போகிற மிருகத்துக்கும் அதுதான், கடைசி ஊசி போடவேண்டிய மிருகத்துக்கும் அதுதான். சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அவளுக்கே அது தெரியாது.

வீட்டில் அவள் குரல் வேறு. "என்னங்க, குளிச்சாச்சா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டால் மூன்றாவது வீட்டுக்காரர் "இன்னும் இல்லீங்க" என்று பதில் சொல்லும் அளவுக்குச் சத்தம். அந்த "என்னங்க" பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு டிப்போவுக்குத்தான், அவருக்கு இல்லை. டீ இரண்டு நிமிஷம் தாமதமானால் இன்றும் குறித்துக்கொள்கிற மனிதர். கோபம் வந்தால் பெண்டாட்டியைக் "கழுதை" என்பார். கொஞ்சல் வந்தாலும் அதே சொல்தான், வேறொன்று அவர் கைவசம் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன் அவருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அவர் வாயில் ஒரு நர்ஸ் குடியேறிவிட்டாள். "மயக்கம் தெளியுற நேரம். உயிர் போற மாதிரி பயம். வாய்ல குழாய், கத்தவும் முடியல. அப்ப அந்த நர்ஸம்மா வந்தா பாரு. பச்சைக் கோட்டு, முகமூடி. கழுத்துல கையை வெச்சு, இருக்கேன், இங்கதான் இருக்கேன்னா. அவ்வளவுதான், பயம் போயிடுச்சு. செவுத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன், மத்தியானம் ரெண்டே கால்." வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் இந்தக் கதை உண்டு. கதை முடிந்ததும் அடுப்படிப் பக்கம் திரும்பி, "அப்படி ஒரு வார்த்தை நம்ம வீட்டுல எதிர்பார்க்க முடியுமா?" என்று ஒரு பெருமூச்சும் உண்டு. பிடியக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருப்பாள்.

மருத்துவமனை நேரம் போக, சிற்பியின் கூடத்தில் ஒரு வேலை கிடைத்தது போன வருஷம். பழைய அச்சகக் கட்டடம் அது. சிற்பி என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெண் முப்பது வயதுக்காரி, மண்ணையோ கல்லையோ தொட்டவள் இல்லை. எல்லாம் கம்ப்யூட்டரில். வட்டமாக நட்ட கம்பங்களில் தொண்ணூற்றாறு கேமராக்கள், நடுவில் மிருகம், ஒரே சொடுக்கில் தொண்ணூற்றாறு படம். அத்தனையையும் ஒன்றாக ஒட்டி எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கும்படி ஓர் உருவமாக்குகிறவருக்குத் தையல்காரர் என்று பெயர். அதோடு விடுவார்களா? ஆட்டின் காலை ஒரு குமாஸ்தாவின் இடுப்பில் தைப்பார்கள், ஆந்தையின் கண்ணை ஒரு நீதிபதிக்கு வைப்பார்கள். பெரிய பெரிய கூடங்களில் திரை கட்டி அதை உயிருள்ளது மாதிரி அசையவிட்டுக் காட்டுவார்கள், ஜனம் வரிசையில் நின்று பார்க்கும். டை கட்டிய ஆளுக்குக் கீழே தான் பிடித்த ஆட்டின் கால் நடந்து போவதை முதலில் பார்த்தபோது பிடியக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆட்டுக்கு இது தெரியுமா?" என்றாள்.

"மனுஷனுக்குள்ள மிருகம் இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்கக்கா. மிருகத்துக்குள்ள மனுஷன் எங்கன்னு நான் தேடுறேன்" என்றாள் சிற்பி.

"எனக்குத் தெரிஞ்சு உள்ள பூச்சிதான் இருக்கும். மருந்து குடுத்தா வந்துடும்."

ஆனாலும் அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. மிருகம் அசையாமல் நிற்க அவள் பிடிக்க வேண்டும், படத்திலோ அவள் இருக்கக் கூடாது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். உச்சி முதல் கால்வரை பச்சை உடை, பச்சைக் கையுறை, முகத்துக்குப் பச்சை வலைத் தொப்பி. பச்சையாக இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டர் தூக்கி எறிந்துவிடும். அவள் மறைத்த இடம் ஓட்டையாகிவிடுமே? அதனால் நான்கு தடவை எடுப்பார்கள், ஒவ்வொரு தடவையும் அவள் வேறு இடத்தில் நின்று பிடிப்பாள். ஒரு படத்தில் மறைந்தது இன்னொன்றில் தெரியும், தையல்காரர் ஒட்டுப்போட்டுவிடுவார். ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும், "படத்தில் நான் தெரியமாட்டேன் என்பதை அறிவேன்" என்று. அந்த வரியை அவள் ஒரு திருப்தியோடு படிப்பாள். முப்பது வருஷமாகத் தெரியாமல் இருந்தவளுக்கு முதல்முறையாக அதை எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம்தான் மேஸ்திரி வந்தான். மிருகக் காப்பகத்திலிருந்து கொண்டுவந்த கிழட்டுக் கழுதை. கட்டட வேலைக்கு மணல் சுமந்தே காலம் கழித்ததால் அந்தப் பெயர். ஒரு கண்ணில் பார்வை இல்லை. கழுத்தைச் சுற்றி மயிர் முளைக்காத ஒரு வளையம், கயிறு அறுத்து ஆறிய தடம். அந்த இடத்தில் யாரும் கை வைக்க முடியாது என்று காப்பகத்துக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். முகமில்லாத பச்சை உருவம் ஒன்று பக்கத்தில் வந்ததும் மேஸ்திரி மிரண்டு ஒரு கம்பத்தையே உதைத்துச் சாய்த்தான். உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது.

பயம் கழுத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று பிடியக்காவுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி எறிந்தாள். முகத்தைப் பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு இடது பக்கமாகப் போய், ஒரு கையைக் கழுத்தின் மறுபக்கம் சுற்றிப் போட்டு, இந்தப் பக்கம் கயிற்றுத் தடத்தின் மேலேயே தன் கன்னத்தை வைத்துச் சொன்னாள். கழுதை நெடுமூச்சு விட்டது. பாரத்தை அவள் மேல் சாய்த்தது. அந்த நேரத்தில் தொண்ணூற்றாறு கேமராவும் சொடுக்கின. சத்தத்தில் மேஸ்திரி மறுபடி மிரண்டான். இன்றைக்கு ஒன்று போதும், மிச்சம் மூன்றையும் அடுத்த வாரம் எடுக்கலாம் என்று காப்பகத்துக்காரர் அழைத்துப்போய்விட்டார். நான்காம் நாள் போன் வந்தது. வயதாகிவிட்டது, தூக்கத்திலேயே போய்விட்டான். பிடியக்கா அன்று இரண்டு நாய்க்கு ஊசி பிடித்துவிட்டு, கை கழுவும் இடத்தில் சற்று அதிக நேரம் நின்றாள். நாலு படம் எடுக்காததால் அவனுடைய படம் வராது என்றுதான் நினைத்திருந்தாள்.

இப்போது அது மூன்று மாடி உயரத்தில் நிற்கிறது, அவள் முகத்தோடு.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் போன் செய்தாள். மகள் கல்யாணமாகித் தனியாக இருப்பவள், காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. "அம்மா, அது நீதானே? நீ இல்லைன்னு சொல்லு. ஆபீஸ்ல அதை ஸ்டிக்கர் பண்ணி ஆளாளுக்கு அனுப்புறாங்கம்மா. லீவு கேட்டா அதைப் போடுறாங்க, மீட்டிங்னா அதைப் போடுறாங்க. எனக்குத் தலை நிமிர முடியல." அழுகை. மிருகம் அழுதால் கை வைக்க இடம் தெரியும், போனில் எங்கே வைப்பது?

டைம்கீப்பர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். டீக்கடையில் பழைய கண்டக்டர் ஒருவர் போனை நீட்டிக் காட்டியிருக்கிறார்.

"கழுதைன்னு நான் வீட்டுக்குள்ள ஒரு பேச்சுக்குச் சொல்றது. அதை ஊருக்கே படம் போட்டுக் காட்டுவாளா அந்தச் சிற்பி? நீ சரின்னு சொன்னியா?"

"என்னை யாருங்க கேட்டா? நானே பஸ்ல பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"கண்ணை மூடிக்கிட்டு, வாயைப் பொளந்துக்கிட்டு... அசிங்கமா இருக்கு. அந்த நர்ஸம்மாவை எவனாவது இப்படிப் போடுவானா? பார்த்தாலே கையெடுக்கத் தோணும், அது முகம்." முகமூடி போட்டிருந்தவளின் முகத்தை அவர் எப்போது பார்த்தார் என்று பிடியக்கா கேட்கவில்லை. "நாளைக்கே போய் எடுக்கச் சொல்லு. வெள்ளிக்கிழமை கண்காட்சி திறக்குதாம், அதுக்குத்தான் இந்த விளம்பரமாம். அதுக்குள்ள எடுக்கல, நானே வந்து திரையை உடைப்பேன்."

அவர் சொல்லாவிட்டாலும் அவள் அதற்குத்தான் போக இருந்தாள். மறுநாள் காலை மருத்துவமனைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, கூடத்தின் கதவை ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வீட்டுக் குரல் அன்று கூடத்துக்கு வந்தது.

"தெரியமாட்டேன்னு கையெழுத்து வாங்கினியே, அந்தத் தாள் எங்கடி?"

சிற்பியின் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, உங்களை ஆச்சரியப்படுத்தலாம்னு..."

"நல்லாவே ஆச்சரியப்பட்டேன். பஸ்லேர்ந்து விழாத குறை. என் மூஞ்சி உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? என் பொண்ணு ஆபீஸ்ல அழுவுறா. வீட்டு மனுஷன் வெளிய தலை காட்ட மாட்டேங்குறார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

சிற்பி சாக்கு எதுவும் சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் நல்ல பெண்தான். அங்கேயே போனை எடுத்து நாற்சந்தித் திரையிலிருந்து படத்தை இறக்கச் சொன்னாள். "தப்புக்கா. படம் வந்த வேகத்துல எனக்குத் தலைகால் புரியல. நீங்களும் சந்தோஷப்படுவீங்கன்னு நானா முடிவு பண்ணிட்டேன். கண்காட்சியிலயும் வேணாம்னா எடுத்துடுறேன். நீங்க சொல்றதுதான்."

"எடு."

தையல்காரர் அதிகம் பேசாதவர். திரையில் மேஸ்திரியைக் கொண்டுவந்தார். "முகத்தை எடுக்குறேன் அக்கா. பாருங்க" என்று ஒரு பொத்தானைத் தட்டினார்.

முகம் போனது. கூடவே கழுத்தும் போனது. கழுதையின் தலை, அந்த ஒற்றைக் கண்ணோடு, அந்தரத்தில் தனியாக நின்றது. ஒரு முழம் தள்ளி, வெட்டுப்பட்ட மாதிரி உடம்பு. நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் திரைதான் தெரிந்தது.

"ஐயோ!" பிடியக்காவின் இரண்டு கையும் திரையை நோக்கிப் போய்விட்டன, விழப்போகும் தலையைத் தாங்குகிற மாதிரி. "என்ன பண்ணின அவனை? கழுத்து எங்கே?"

"கழுத்து எங்கயும் இல்லக்கா. இந்தப் பக்கம் உங்க கன்னம் மறைச்சிருக்கு, அந்தப் பக்கம் உங்க பச்சைக் கை. எந்தக் கேமராவும் கழுத்தைப் பார்க்கல. நாலு எடுத்திருந்தா ஒட்டியிருப்பேன். ஒண்ணுதான் இருக்கு. இனிமே எடுக்கவும் முடியாது."

"வேற கழுதையோட கழுத்தை வைங்க."

"வைக்கலாம்." அவர் முகத்தை மறுபடி கொண்டுவந்து, கன்னத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். மார்புக்கு மேலிருந்து கயிற்றுத் தடம் ஏறி வந்தது. மயிரில்லாத சாம்பல் கோடு. அவள் தாடைவரை வந்து, கன்னத்துக்கு அடியில் போய் முடிந்துவிட்டது. "இது வேற கழுதைகிட்ட இருக்காதே அக்கா."

பிடியக்கா பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆயுள் முழுக்கக் கயிறு கிடந்த இடம். கடைசியில் அங்கே இருந்தது அவள் கன்னம். அவளை எடுத்தால் அவன் இரண்டு துண்டு. இறந்துபோன மிருகங்கள் அவளுக்குப் புதிதில்லை, ஆயிரம் பார்த்திருப்பாள். ஆனால் தன்னை நம்பிச் சாய்ந்த ஒன்றைத் தன் வாயாலேயே வெட்டச் சொன்னது அவளுக்குப் புதிது.

"சத்தமும் இருக்குக்கா, கண்காட்சிக்கு" என்றார் தையல்காரர். "மேல மைக் தொங்கும், தெரியும்ல?" ஒலியைத் திறந்தார்.

கழுதையின் மூச்சு. குளம்பு நகரும் சத்தம். பிறகு ஒரு பெண்குரல், தாழ்ந்து, அவசரமே இல்லாமல்: "இருக்கேன்... இங்கதான் இருக்கேன்."

"யாரு இது?" என்றாள் பிடியக்கா. கேட்டு முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் முதலில் மனதில் வந்தது கழுதை இல்லை, டைம்கீப்பர்.

ஏனென்றால் நர்ஸ் என்று யாரும் இல்லை. அன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். பச்சைக் கோட்டும் தொப்பியும் முகமூடியும் போட்டுத்தான் உள்ளே அனுப்பினார்கள். கண் மிரண்டு, கை கால் இழுத்துக்கொண்டு கிடந்த மனிதரைப் பார்த்ததும் அவளுக்குக் கணவன் என்று தோன்றவில்லை, பயந்த உயிர் என்று தோன்றியது. கை கழுத்துக்குப் போனது, வாய் தானாகச் சொன்னது. அவ்வளவுதான். அவர் வீட்டுக்கு வந்து நர்ஸ் கதையை முதல் தடவை சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். பத்தாவது தடவை சொன்னபோது சொல்ல முடியாமல் போய்விட்டது. சொன்னால் "நீயா? அந்தக் குரலா?" என்று சிரிப்பார். வேறு எந்தச் சிரிப்பையும் அவள் தாங்கிக்கொள்வாள். அந்த ஒரு சிரிப்பைத் தாங்க அவளால் முடியாது. அதனால்தான் மூன்று வருஷமாக வெங்காயம்.

"முகம் இருக்கட்டும்" என்றாள் கடைசியில். வீட்டுக் குரலும் இல்லை, மருத்துவமனைக் குரலும் இல்லை, ஏதோ ஒரு குரல்.

"சத்தம்?" என்றாள் சிற்பி பயந்து பயந்து.

பிடியக்கா யோசித்தாள். அவர் அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் வருகிற ஆள் இல்லை. "அதுவும் இருக்கட்டும். சத்தம் இல்லாததாலதான் வலியில கத்துதுன்னு ஜனம் நெனைக்குது." புதிய தாளில் கையெழுத்துப் போட்டாள். சிற்பி அவள் பெயரைப் படத்துக்குக் கீழே போடட்டுமா என்று கேட்டபோது, "மேஸ்திரி பேரைப் போடு. உழைச்சது அவன்" என்றாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் டைம்கீப்பர் பேச்சை நிறுத்தினார். இரண்டு நாள் டீ குடித்தார், சாப்பிட்டார், பேசவில்லை. மகள் மட்டும் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கழுத்தே இல்லையாம்மா?" என்றாள். அதோடு அவள் அழவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடியக்கா தலை வாரிக்கொண்டு வெளியே வந்தபோது டைம்கீப்பர் இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் நின்றார். கையில் குடை. மழைக்கு ஒரு அறிகுறியும் இல்லை.

"எங்கங்க?"

"நானும் வர்றேன். அந்தச் சிற்பிகிட்ட நாலு வார்த்தை கேக்கணும்."

வேண்டாம் என்றால் ஏன் என்பார். வழியில் அவர் பஸ் எத்தனை நிமிஷம் தாமதம் என்று மட்டும் சொன்னார்.

கண்காட்சியில் நல்ல கூட்டம். ஆந்தைக்கண் நீதிபதி மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தபோது டைம்கீப்பர் ஒரு அடி பின்னால் போனார். ஆட்டுக்கால் குமாஸ்தாவைப் பார்த்து, "எங்க டிப்போ மேனேஜர் இப்படித்தான் நடப்பான்" என்று முணுமுணுத்தார். கடைசி அறையின் கறுப்புத் திரைத்துணியைக் குடையால் விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். பிடியக்கா பின்னாலேயே போனாள். கால் போகமாட்டேன் என்றது, போனாள்.

சுவர் முழுக்க மேஸ்திரி. விலா ஏறி ஏறி இறங்கியது, மூச்சு விடுகிறான். டைம்கீப்பர் குடையைப் பிடித்த கையை உயர்த்தினார், "இதைத்தான்..." என்று ஆரம்பித்தார்.

"இருக்கேன்... இங்கதான் இருக்கேன்."

குடை கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. வாய் பாதி திறந்தபடி நின்றார், சுவரில் இருந்த முகம் மாதிரியே. குரல் நின்றது, மூச்சுச் சத்தம் மட்டும் ஓடியது. பிடியக்கா அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள், புதியவர்கள் வந்தார்கள். அவர் அசையவில்லை. மறுபடி குரல் வந்தபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பழக்கம்.

"நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை" என்றார். குரல் உடைந்திருந்தது. "அன்னைக்கு மத்தியானம்... ரெண்டே கால்..."

"ஆமாங்க."

"பச்சைக் கோட்டு."

"எல்லாருக்கும் அதைத்தாங்க குடுத்தாங்க."

"மூணு வருஷம். ஊர் பூரா சொன்னேனேடி. உன் எதுக்கவே சொன்னேனே." அவர் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் இப்படி நடுங்கி அவள் பார்த்ததில்லை. "நீ ஏன் சொல்லல?"

அவள் கை, முப்பது வருஷப் பழக்கத்தில், அவர் கழுத்துக்குப் போனது. போனதும் அவர் சாய்ந்துவிட்டார், முழுப் பாரத்தையும் போட்டு. "சொல்லு" என்றார், கண்ணை மூடிக்கொண்டு. "இப்பச் சொல்லு."

பிடியக்கா வாயைத் திறந்தாள். கையுறையும் முகமூடியும் இல்லாமல், தான் யார் என்று தெரிந்த மனிதரிடம் அதைச் சொல்லி அவளுக்குப் பழக்கம் இல்லை. ஒரு எழுத்து வரவில்லை. புதிதாக உள்ளே வந்த யாரோ அவர்களையும் படத்தின் ஒரு பகுதி என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள். அவள் கையை எடுக்காமல் நின்றாள், நாலு நிமிஷம் ஆகட்டும், சுவரே சொல்லட்டும் என்று.